பிள்ளையைப் போல் ஆவது என்றால் கேள்வி கேட்காமல் இருப்பதா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு விஷயம். வேதபாட வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டீர்கள். "ஆராயாதீங்க தம்பி, குழந்தையைப் போல விசுவாசிங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி இரண்டு முறை பணம் வாங்கினார், திருப்பித் தரவில்லை. அதைச் சொன்னபோதும் அதே ஆட்கள், "குழந்தை மாதிரி மறந்துடுங்க, அதுதான் கிறிஸ்தவ அன்பு" என்றார்கள். "அப்படியானால் அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் சபைக்குள் வர வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் வேறொரு கேள்வி கிடப்பதாக எனக்குப் படுகிறது. சந்தேகமும் கசப்பும் சேர்ந்துவிட்ட இந்த மனதை வைத்துக்கொண்டு நான் தேவனுக்குப் பிள்ளையாக இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இறையியல் படித்து, 28 வருடம் கிராமத்துச் சேகரங்களில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். கிரேக்கம் தெரியும் என்றால் செமினரியில் படித்த அளவுக்கும், பிரசங்கத்துக்காகத் தொடர்ந்து புரட்டிய அளவுக்கும்தான். ஆய்வாளர்கள் ஒத்துப்போகும் இடத்தையும் அவர்களுக்குள் வழக்கு இருக்கும் இடத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். "நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்" என்பது மத்தேயு 18:3. சந்தேகப்பட்ட எவனுக்கும் இயேசு இதைச் சொல்லவில்லை. "பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவன்" என்று கேட்டு வந்த சீஷர்களுக்குச் சொன்னார். மாற்கு இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார்: வழியெல்லாம் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாதாடிக்கொண்டே வந்திருக்கிறார்கள், என்ன பேசினீர்கள் என்று கேட்டதும் வாய் திறக்கவில்லை. மத்தேயுவில் அடுத்த வசனமே விளக்கத்தையும் கொடுத்துவிடுகிறது: "இந்தப் பிள்ளையைப்போலத் தன்னைத் தாழ்த்துகிறவன் எவனோ, அவனே பரலோகராஜ்யத்தில் பெரியவனாயிருப்பான்." ஆக, பெரிய இடத்தில் உட்கார ஆசைப்பட்டவர்களின் கையைப் பிடித்து இறக்கிய வார்த்தை இது. அதைப் பெரிய இடத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்கிறவனை உட்கார வைக்க எடுத்துக்கொண்டால், வசனம் தலைகீழாகிவிடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

பிள்ளை என்றதும் நமக்கு வெள்ளை மனசு, கள்ளமில்லாத சிரிப்பு எல்லாம் நினைவுக்கு வருகிறது. பாலர் ஞாயிறு அன்று நாங்களும் அப்படித்தான் பிரசங்கம் பண்ணுவோம். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளை என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள், கணக்கில் வராத ஆள் என்பது. பவுலே கலாத்தியர் 4:1இல் சொல்கிறார்: சொத்துக்கெல்லாம் வாரிசாகவே இருந்தாலும் சிறுபிள்ளையாக இருக்கும்வரை அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசமில்லை. ரோம ஆட்சியில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கடிதம் உண்டு, கி.மு. 1ஆம் வருடத்தது. அலெக்சாந்திரியாவுக்கு வேலைக்குப் போன இலாரியோன் என்பவர் மனைவி அலிஸுக்கு எழுதுகிறார். வீட்டில் இருக்கும் சிறு பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறார், உன்னை எப்படி மறப்பேன் என்கிறார். அதே மூச்சில், பிறக்கப்போவது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்கிறார். அவர் கொடூரமானவராகத் தெரியவில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிற சாதாரண மனிதராகத் தெரிகிறார். அதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: யூதர்கள் குழந்தைகளை அப்படி வெளியே போடுவதை வெறுத்தவர்கள். சீஷர்கள் வீட்டில் பிள்ளைகள் செல்லமாகத்தான் வளர்ந்திருப்பார்கள். ஆனால் செல்லம் வேறு, சபையில் மதிப்பு வேறு. பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளைக்கு இடம் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார் இயேசு.

இது புத்தகத்தில் புரிந்ததைவிட எனக்கு ஓர் அசனப் பண்டிகையில், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்தில், நன்றாகப் புரிந்தது. நான் முதலில் போன சேகரத்தில் ஒரு சிறிய கிராமம். அசனத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, தேங்காய், முடிந்தவர்கள் பணம் என்று கொடுப்பார்கள். அந்த வருடம் மழை பொய்த்து ஒரு குடும்பத்தால் எதுவும் கொடுக்க முடியவில்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் அந்த வீட்டுக்காரர் பந்திக்கு வரவில்லை. அவருடைய மகன், ஆறு ஏழு வயது இருக்கும், எவர்சில்வர் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அண்டா பக்கத்தில் வந்து நின்றான். பரிமாறிக்கொண்டிருந்தவர், "யார் யாருக்குலே?" என்று கேட்டார். "ஆச்சிக்கு, அப்பாவுக்கு, அம்மைக்கு, எனக்கு. நாய்க்கும் கொஞ்சம்" என்றான். வாளி நிறைந்ததும் மூடியைத் தட்டி மூட முடியாமல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, குழம்பு காலில் வழிய வழிய நடந்து போனான். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சொன்னது, "நாங்க ஒண்ணும் கொடுக்கலையே ஐயா, எந்த முகத்தோட வர?" அந்தக் கேள்வி மகனுக்கு எழவே இல்லை. அவன் அப்பாவைவிட நல்லவன் என்பதால் அல்ல. தான் எதைக் கொண்டுவந்தோம் என்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வாளியை நீட்டினால் நிரப்புவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

பிள்ளையைப் போன்ற விசுவாசம் என்று நான் புரிந்துகொண்டது அந்தத் தூக்குவாளியைத்தான். அதில் அறிவு இல்லாமை எங்கும் இல்லை. பவுல் நேராகவே சொல்லிவிட்டார்: "நீங்கள் புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள், துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்" (1 கொரிந்தியர் 14:20). சங்கீதம் 131இல் தாவீது தன் ஆத்துமாவுக்குச் சொல்லும் உவமை "பால்மறந்த குழந்தை". இதைத் தாய்மார்களிடம் கேளுங்கள், விளக்குவார்கள். பால்குடிக்கும் பிள்ளை தாயின் மடியில் பாலுக்காக அடம்பிடிக்கும். பால் மறக்கடிக்கும் நாட்களில் வீடே தூங்காது, அப்படி ஓர் அழுகை. அந்த அழுகையெல்லாம் தாண்டி வந்த பிள்ளைதான் பால்மறந்த பிள்ளை. பாலுக்காக அல்ல, தாய்க்காக மடியில் இருக்கிறது. ஒன்றும் நடக்காததால் வந்த அமைதியைச் சங்கீதம் சொல்லவில்லை. இழந்த பிறகும் மடியை விட்டுப் போகாத அமைதியைச் சொல்கிறது.

இனி வழக்கு இருக்கும் இடம். மாற்கு 10:15இல் "எவனாகிலும் சிறு பிள்ளையைப்போல் தேவனுடைய ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால்" என்று வருகிறது. பிள்ளை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி ஏற்றுக்கொள்வதா, பிள்ளையை எப்படி ஏற்றுக்கொள்வோமோ அப்படி ராஜ்யத்தை ஏற்றுக்கொள்வதா? கிரேக்கத்தில் அந்தச் சொல் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம், அதனால் இலக்கணப்படி இரண்டும் செல்லும். நம் தமிழ் வேதாகமத்திலும் அந்த இரட்டைப் பொருள் அப்படியே தங்கிவிட்டது. நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெரும்பாலோர் முதல் பொருளை எடுக்கிறார்கள், நானும் அதையே பிரசங்கித்து வந்திருக்கிறேன். ஆனால் அடுத்த வசனத்தில் இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறார் என்பதையும், மத்தேயு 18:5இல் "இப்படிப்பட்ட ஒரு பிள்ளையை என் நாமத்தினிமித்தம் ஏற்றுக்கொள்ளுகிறவன், என்னை ஏற்றுக்கொள்ளுகிறான்" என்பதையும் பார்க்கும்போது, இரண்டாவது பொருளைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வாளியை நீட்டுகிற பிள்ளையாக ஆவதும், வாளியோடு வருகிற பிள்ளைக்கு நிரப்பிக் கொடுப்பதும் அந்தப் பகுதியில் பிரிக்க முடியாமல் கிடக்கிறது. விசுவாசமும் தயவும் சேரும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். இலக்கணம் அதைக் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லமாட்டேன்.

கேள்வி கேட்பதைப் பற்றி. பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும், பிள்ளையைப் போலக் கேள்வி கேட்கிற ஜீவன் உலகத்தில் இல்லை. யாத்திராகமம் 12:26இல் பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போதே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, பதிலும் சொல்லிக்கொடுக்கிறது. இயேசு சிறுவனாக இருந்தபோது நடந்ததாகச் சுவிசேஷங்களில் இருப்பது ஒரே ஒரு சம்பவம், லூக்கா 2. பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களை வினாவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையைப் பார்த்து "ஆராயாதே" என்று யாரும் சொன்னதாக எழுதவில்லை.

நான் சொல்லியிருக்கிறேன். ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில், கல்லூரி முதலாம் ஆண்டு படித்த ஒரு பையன், தம்பியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவன், ஆராதனை முடிந்து வந்து நின்று, "ஜெபம் பண்ணினோமே ஐயா, ஏன் கேட்கல?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. தோளில் தட்டி, "குழந்தை மாதிரி நம்புப்பா" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரத்திலிருந்து கோயிலுக்கு வரவில்லை. பத்து வருடம் கழித்து நானே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தான், நன்றாகப் பேசினான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மத்தேயு 18இல் "இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன்" கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வரும். உங்கள் வகுப்பில் உங்களை அடக்கியவர்களும் அன்றைய என்னைப் போலப் பதில் தெரியாமல் பயந்திருக்கலாம். அது அவர்களுக்கு நியாயம் ஆகாது, ஆனால் அவர்களைப் புரிந்துகொள்ள உதவும்.

பிள்ளைத்தனமான விசுவாசம் என்றாலே எல்லாரும் சொல்லும் பெயர் லிசியே நகரத்துத் தெரேசா. நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன், ஆனாலும் இந்த விஷயத்தில் அவரிடம் கற்றுக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. 1873இல் பிரான்சில் பிறந்தவர். 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1925இல் புனிதர் பட்டமும் 1997இல் மறைவல்லுநர் என்ற பட்டமும் கொடுத்தது. தேவனிடத்தில் சிறு பிள்ளையாகவே இருந்துவிடுவது என்பதுதான் அவருடைய வழி. படிக்கட்டு ஏற முடியாத பிள்ளையைத் தூக்கிவிடும் லிப்ட் இயேசுவின் கைகள்தான் என்று எழுதினார். பணக்காரர் வீடுகளில் அப்போதுதான் லிப்ட் வந்துகொண்டிருந்த காலம். இதை மட்டும் கேட்டால் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1896 ஈஸ்டர் காலத்தில், முதன்முதலாக இரத்தம் துப்பிய சில நாட்களிலேயே, பரலோகம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டு அவரைப் பிடித்தது. சாகும்வரை, ஏறத்தாழ 18 மாதம், அது விலகவில்லை. விசுவாசம் இல்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடும் அப்பத்தையே சாப்பிடுவதாக அதைச் சொன்னார். பிள்ளையைப் போன்ற விசுவாசத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. ஆகவே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பதால் பிள்ளைத்தன்மை போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவருடைய தயவையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மடத்தில் ஒரு வயதான சகோதரி, நடக்க முடியாதவர், யார் உதவினாலும் குறை சொல்பவர். தினமும் சாயங்கால ஜெபத்தின் நடுவில் எழுந்து அவரைச் சாப்பாட்டு அறைக்கு நடத்திப் போக வேண்டும். வேகமாகப் போனால் விழுந்துவிடுவேன் என்பார்; மெதுவாகப் போனால் கையையே காணோமே, விட்டுவிட்டாயா என்பார். தெரேசா தானாகவே முன்வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். கொண்டுபோய் உட்கார வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த அம்மாவின் முடங்கிய கைகளால் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட முடியாமல் திணறுவதைக் கவனித்து, அதையும் செய்துவிட்டு, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் போவாராம். ரொட்டி பிய்த்துத் தரும்படி யாரும் கேட்கவில்லை. கவனித்திருக்கிறார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தயவு என்ற சொல்லுக்கு வருகிறேன், உங்கள் பணப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் "தயவு", கிரேக்கத்தில் கிறெஸ்தொஸ் என்ற சொல்லிலிருந்து வருவது. அதே சொல்லை இயேசு "என் நுகம் மெதுவாயும்" என்ற இடத்தில் நுகத்துக்குச் சொல்கிறார், லூக்கா 5:39இல் பழைய திராட்சரசத்துக்கும் வருகிறது. மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காத நுகம், தொண்டையைக் காறாத ரசம். நுகம் மெதுவாக இருக்கலாம், ஆனாலும் அது நுகம், ஏர் உழும். ஆகவே தயவு என்பது எதையும் தாங்காமல் வளைந்துபோகும் குணம் அல்ல என்று நான் எடுத்துக்கொள்கிறேன். லூக்கா 6:35இல் தேவனுக்கே அந்தச் சொல்: நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும் நன்மை செய்கிறவர். அப்படிச் செய்தால் "உன்னதமானவருக்கு நீங்கள் பிள்ளைகளாயிருப்பீர்கள்" என்றும் அதே வசனம் சொல்கிறது.

அதே வசனத்தில் "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்றும் இருக்கிறது. உங்கள் வாயை அடைக்க யாராவது அதை எடுத்து நீட்டுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையின் கடினத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அது கொடுக்கிறவன் தன் மனதில் எடுக்க வேண்டிய முடிவு. வாங்கினவரோ பக்கத்தில் நிற்பவரோ அவனுக்காக எடுத்துத் தரும் முடிவு அல்ல. பிள்ளையை நடுவில் நிறுத்திய அதே 18ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் என்ன சொல்கிறது? உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், மறந்துவிடு என்று இல்லை. அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறது. அதற்குப் பிறகுதான் ஏழெழுபதுதரம் மன்னிப்பது வருகிறது. அதையொட்டி இயேசு சொன்ன உவமையில், 10,000 தாலந்து என்ற மலையளவு கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தன்னிடம் கடன்பட்ட மற்றவனிடம் கேட்டது 100 வெள்ளிப்பணம். அது சில்லறை இல்லை; ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்ற கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் உழைப்பு. உங்களுக்கு வர வேண்டியது ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை, உங்களுக்கு மன்னித்து விடப்பட்டதோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறார். மன்னித்தேன் என்றால் மூன்றாம் முறையும் கொடுப்பேன் என்று பொருள் ஆகாது. சர்ப்பத்தின் வினாவையும் (அதாவது விவேகத்தையும்) புறாவின் கபடின்மையையும் ஒரே வாக்கியத்தில் கேட்டவர் அவர்.

நான் தூரத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் சொந்தக்காரர் கஷ்டத்தில் இருக்கிறாரா, கஷ்டத்தைக் காட்டிப் பிழைக்கிறாரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டுக்கும் தயவு உண்டு, ஆனால் ஒரே விதமாக இருக்காது. நிஜமாகவே முடியாதவர் என்றால், போனது போகட்டும் என்று நீங்களே அவரிடம் வாய்விட்டுச் சொல்லி அவரை விடுவிக்கலாம். மனதுக்குள் மட்டும் மன்னித்துக்கொண்டு அவரைப் பயத்தில் வைத்திருக்க வேண்டாம். வேண்டுமென்றே செய்கிறவர் என்றால், இனி பணமாகத் தரமாட்டேன் என்று குரலை உயர்த்தாமல் சொல்வதும் தயவுதான். இந்த இரண்டாவது ஆலோசனை என் அனுபவத்திலிருந்து வருவது, அதற்கு நேரான வசனம் காட்டமாட்டேன்.

சந்தேகத்தோடு ஜெபிக்க வழி தெரியவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் சொன்னதையே சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மாற்கு 9:24. பாதி வெறும் வாளியோடு வந்த மனிதர் அவர், இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த வகுப்பில் உங்கள் கேள்வியை மறுபடி கேளுங்கள், பதில் தெரியாது என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரோடு உட்காருங்கள். சொந்தக்காரரிடம் பேசப் போவதானால் தனியாகப் போங்கள், சபையில் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.